பரவல் கணிமைத் தரங்கள்: போடி மலையடிவாரத்திலிருந்து ஒரு வரலாறு

தனித்தனியாக இருக்கும் பல கணினிகளை வலைப்பின்னலால் பிணைத்து ஒரே வேலையை வாங்குவது பரவல் கணிமை. ஒன்றின்மேல் ஒன்றுக்கு அதிகாரம் இல்லாத நிறுவனங்கள் தங்கள் கணினிகளையும் தரவுக் கிடங்குகளையும் பொதுவில் வைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு கிரிட் கணிமை. இந்தக் கணினிகள் பேசிக்கொள்ளவும், ஒன்றையொன்று நம்பவும், வேலையைக் கைமாற்றவும் எழுத்தில் ஒப்புக்கொண்ட விதிகள் தரங்கள். அவற்றை நடத்திச் செல்பவர்கள் அன்றாடம் கைக்கொள்ளும் வழக்கங்கள் நடைமுறைகள்.

இவற்றின் வரலாறு பெரும்பாலும் ஜெனீவா, சிகாகோ, பெங்களூரு ஆய்வகங்களில் நடந்தது. ஆனால் தமிழ் வாசகருக்கு அதைச் சொல்லத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கும் ஊர் அது. 28,800 உணர்கருவிகளை ஒரே வலைப்பின்னலாக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்வானது அதன் மேற்குமலை. தரம் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஊர் பன்னிரண்டு ஆண்டு பார்த்திருக்கிறது.

தண்டவாளமும் கரண்டும்

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மீட்டர் பாதை; இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். நாட்டின் பெரும்பாதைகள் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாறிக்கொண்டே போக, போடிப் பாதை தனித்து நின்றது. 2010 முடியும்போது ரயிலை நிறுத்திப் பாதையைப் பெயர்த்தார்கள். அகலப்பாதையில் ரயில் மறுபடியும் போடிக்குள் வந்தது 2023 ஜூனில். வண்டியும் இருந்தது, பயணிகளும் இருந்தார்கள், போக வேண்டிய ஊரும் இருந்தது. 676 மில்லிமீட்டர் ஒத்துவரவில்லை.

கிரிட் என்ற பெயரே மின்சாரத்திலிருந்து வந்தது. சுவிட்சைப் போடுகிறவர் அந்தக் கரண்ட் மேட்டூரில் பிறந்ததா, நெய்வேலியில் பிறந்ததா என்று கேட்பதில்லை. கணிப்புத் திறனும் அப்படிக் கிடைக்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் முதல் ஆசை. மின்சாரத்தில் அது நடக்கக் காரணம், எல்லா மின்னாக்கிகளும் நொடிக்கு 50 அலை என்ற ஒரே தாளத்தில் மின்சாரம் தருவது. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டு, 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் இருளில் மூழ்கியபோது தெற்கு தப்பியது, அப்போது ஒரே தாளத்தில் பிணைக்கப்படாமல் இருந்ததால். பிணைப்பு பலத்தைக் கொண்டுவரும், பழுதையும் கொண்டுவரும். பரவல் கணிமையின் தரங்களில் பாதி, இந்த இரண்டாவது விஷயத்துக்காகவே எழுதப்பட்டவை.

ஏலக்கூடம்

ஏலக்காய் மலைகளின் விளைச்சல் இரண்டு ஏலக்கூடங்களில் விலையாகிறது. ஒன்று மலைமேல், இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில். இன்னொன்று மலைக்குக் கீழே போடியில். (செடியின் பெயரான ஏலம் நம்முடையது. கூவி விற்பதைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். இரண்டும் ஒரே கூடத்தில் சந்தித்தது தமிழின் தற்செயல்.) ஏலத்தை நடத்துவோர் உரிமம் பெறுவது 1987-ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, சந்தை விதிகளின்படி, உரிமம் கொடுப்பது ஸ்பைசஸ் வாரியம். குரல் கொடுத்து விலை கேட்ட வழக்கம் 2007-இல் மின்னணு ஏலமாக மாறியது.

ஒரு லாட் (ஒரே தொகுதியாக விற்கும் மூட்டைகள்) விலையாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தரம் என்பது என்ன என்று புரியும். ஏலத்துக்கு முன் அந்த லாட்டின் மாதிரி வியாபாரிகளின் கைக்கு வருகிறது. அதை உள்ளங்கையில் கொட்டுகிறார்கள். பச்சை நிறம் எப்படி என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்கள். ஒரு காயை உரித்து உள்ளே அரிசி (விதை) கறுத்திருக்கிறதா என்று பார்த்து, வாயில் போட்டுக் கடிக்கிறார்கள். பிறகு திரையில் லாட் எண் வருகிறது, மூட்டை கணக்கும் எடையும் வருகின்றன, விரல் விசைக்குப் போகிறது. மூட்டைகள் அங்கே இல்லை. பார்க்காத மூட்டைக்கு லட்சக்கணக்கில் விலை சொல்ல முடிவது, மாதிரியும் மூட்டையும் ஒன்றுதான் என்ற ஒப்பந்தத்தால்.

அந்த ஒப்பந்தத்துக்கு எழுத்து வடிவமும் உண்டு. 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்ற அக்மார்க் தரத்துக்கு 7 மில்லிமீட்டர் சல்லடையில் காய் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் படியில் அளந்தால் 435 கிராமுக்குக் குறையக் கூடாது. அடுத்த படியான 'போல்டு' தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். யார் தோட்டத்தில் விளைந்தது, எந்த உலர்கூடத்தில் உலர்ந்தது என்று இந்த விதி கேட்பதில்லை. சல்லடையும் படியும் எவர் கையில் இருந்தாலும் ஒரே விடை வர வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேண்டும். கணினித் தரங்களை எழுதுபவர்கள் பல ஆண்டு தடுமாறிக் கண்டடைந்த நெறியும் இதுதான்: உள்ளே எப்படிச் செய்கிறாய் என்று கேட்காதே, வெளியே எதைக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் அளக்கக்கூடிய வகையில் எழுது.

2021-இல் மேகக் கணிமை வழியாகப் புற்றடிக் கூடமும் போடிக் கூடமும் ஒரே நேரடி ஏலத்தில் இணைக்கப்பட்டன. மேலே உட்கார்ந்திருப்பவரும் கீழே உட்கார்ந்திருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். இங்கேதான் வியாபாரம் பரவல் கணிமையின் மிகப் பழைய கேள்விக்குள் நுழைகிறது. இருவரும் ஒரே விலையை ஒரே நொடியில் அழுத்தினால் யார் முந்தியவர்?

ஒரே கூடத்தில் இது கேள்வியே அல்ல. ஒரே பெட்டிக்கு எல்லாச் சமிக்ஞைகளும் வருகின்றன, முதலில் வந்தது முதல். இரண்டு ஊரில், இரண்டு கடிகாரங்கள் வைத்துக்கொண்டு, செய்தி வழியில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாத நிலையில், முன் பின் என்பதற்கே பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் தெளிவாக எழுதியவர் அமெரிக்கக் கணினியியலாளர் லெஸ்லி லாம்போர்ட்; ஆண்டு 1978. கடிகாரங்களை நம்பாமல், எந்தச் செய்தி எதற்குக் காரணமானது என்பதை வைத்தே நிகழ்வுகளை வரிசைப்படுத்தலாம் என்று அவர் காட்டினார். கணினிகளின் கடிகாரங்களை வலைப்பின்னல் வழியே ஒத்திசைக்கும் நெறிமுறையை டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்டார். நம் கைப்பேசியின் கடிகாரமும் அதன் வழித்தோன்றல்தான்.

இன்னொரு கேள்வி கேபிளைப் பற்றியது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும், அதோடு கம்பியும் அறும். நடு ஏலத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே தொடர்பு அறுந்தால் இரண்டே வழி. ஏலத்தை நிறுத்தலாம், அல்லது இரு பக்கமும் தனித்தனியே தொடர விட்டு, ஒரே லாட்டை இருவருக்கு விற்ற சிக்கலைப் பிறகு தீர்க்கலாம். மூன்றாவது வழி கிடையாது என்பதை எரிக் புரூவர் 2000-இல் கருதுகோளாக முன்வைத்தார். சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002-இல் கணித முறையில் நிறுவினார்கள். ஏலம், வங்கி, பயணச்சீட்டு முன்பதிவு ஆகியவற்றில் நிறுத்துவதே சரி. ஒரு படத்துக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்ற கணக்கில் தொடர விடுவதே சரி. எது எங்கே என்று தீர்மானிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் நடைமுறை.

உலகத் தரங்கள் பிறந்த விதம்

1995-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த அதிவேகக் கணிமை மாநாட்டுக்காக 17 இடங்களின் கணினிகளைத் தற்காலிகமாகப் பிணைத்துக் காட்டினார்கள். ஐ-வே என்று அதற்குப் பெயர். அந்தச் சில நாள் கண்காட்சிக்கு எழுதிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது குளோபஸ். ஆர்கான் ஆய்வகத்தின் இயன் ஃபாஸ்டர், ஸ்டீவ் டூக்கி, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கார்ல் கெசல்மன் ஆகியோர் அதன் முன்னோடிகள். ஃபாஸ்டரும் கெசல்மனும் 1998-இல் தொகுத்து வெளியிட்ட நூல் கிரிட் என்ற சொல்லை உலகமெங்கும் கொண்டுபோனது.

ஒரே மென்பொருளை எல்லாரும் போட்டுக்கொண்டால் தரம் எதற்கு என்று தோன்றும். எல்லாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதே பதில். ஐரோப்பியர் தங்களுக்கென்று ஒன்று எழுதினார்கள், ஜெர்மானியர் வேறொன்று, ஜப்பானியர் இன்னொன்று. இவற்றைப் பேசவைக்க 1999-இல் தொடங்கிய மன்றம், 2001-இல் உலகக் கிரிட் மன்றமாகி, 2006-இல் தொழில்துறைக் கூட்டமைப்பு ஒன்றோடு சேர்ந்து திறந்த கிரிட் மன்றம் ஆனது. தொடக்க ஆண்டுகளில் சார்லி கேட்லட் அதற்குத் தலைவர். இணைய நெறிமுறைகளை வகுப்பவர்களின் வழக்கத்தைப் பின்பற்றி, எண்ணிட்ட ஆவணங்களாக அது தன் முடிவுகளை வெளியிட்டது. யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். பரிந்துரை, தகவல், சோதனை, சமூக நடைமுறை என்று ஆவணங்களில் நான்கு வகை. நடைமுறைக்கென்று தனி வகை ஒதுக்கியது இந்த மன்றம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

இந்த ஆவணங்களின் வரலாற்றில் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 2002-இல் கிரிட் சேவைகளுக்கு முழுமையான கட்டமைப்பு ஒன்றை வரைந்தார்கள். மறு ஆண்டே அதற்கு அடித்தளமாக ஒரு தரமும் வெளியானது. குளோபஸின் மூன்றாம் பதிப்பு அதன்மேல் எழுந்தது. வலைச் சேவை உலகம் அதை ஏற்கவில்லை. 2004-இல் அதைக் கைவிட்டு வேறொரு தரத்தை எழுதத் தொடங்கினார்கள். 2005-இல் நான்காம் பதிப்பு அதன்மேல் வந்தது. 2009-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அதையும் ஒதுக்கிவிட்டுப் பழைய எளிய முறைக்கே திரும்பினார்கள். உலகம் முழுவதும் நிர்வாகிகள் ஏழு ஆண்டில் மூன்று முறை வீட்டை இடித்துக் கட்டினார்கள்.

அதே காலத்தில் வந்த சில தரங்கள் அசையாமல் நின்றன. கிரிட்-எஃப்.டி.பி. என்ற கோப்பு மாற்று நெறிமுறை 2003-இல் 20-ஆம் எண் ஆவணமாக வந்தது. பழைய எஃப்.டி.பி.யில் மூன்று விஷயங்களைச் சேர்த்தது அல்லது வலுப்படுத்தியது என்று சுருக்கிச் சொல்லலாம்: ஒரே கோப்பைப் பல இழைகளாக ஒரே சமயத்தில் அனுப்புவது, பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, இரண்டு கணினிகளுக்கு நடுவே நடக்கும் பரிமாற்றத்தை மூன்றாவது இடத்திலிருந்து நடத்துவது. மூன்றும் ஏற்கெனவே எல்லாரும் தவித்துக்கொண்டிருந்த தேவைகள். வேலையை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதற்கான வேலை விவரிப்பு மொழி 2005-இல் 56-ஆம் ஆவணமாக வந்தது. எந்த நிரல், எந்தக் கோப்பு, எவ்வளவு நினைவகம், விடையை எங்கே வைப்பது என்பதை மட்டும் அது கேட்டது. அதுவும் நின்றது.

முன்கூட்டியே கற்பனை செய்து எழுதிய தரம் விழுந்தது. புழக்கத்திலிருந்து எடுத்து எழுதிய தரம் நின்றது. ஏலக்காய்ச் சல்லடையும் எழுத்துக்கு வருவதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததுதான்.

சான்றிதழ்

கிரிட்டின் மிகக் கடினமான கேள்வி வேகம் அல்ல, நம்பிக்கை. மதுரை ஆய்வாளர் ஒருவரின் நிரலை இத்தாலியில் இருக்கும் கணினி ஏன் ஓட்ட வேண்டும்? அவரை அதற்குத் தெரியாது.

இதற்கு எடுத்துக்கொண்ட விடை எக்ஸ்.509 என்ற எண்முறைச் சான்றிதழ். 1988-லிருந்து தொலைத்தொடர்புத் தரமாக இருந்து வருவது. நாட்டுக்கு ஒன்றோ இரண்டோ சான்றளிக்கும் அமைப்புகள். அவை ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள, கண்ட வாரியாகக் கொள்கைக் குழுக்கள். அந்தக் குழுக்களுக்கு மேல் 2005-இல் உருவான உலகக் கூட்டமைப்பு. மத்திய அரசின் கணிமை ஆய்வு நிறுவனமான சி-டாக் பெங்களூருவில் நடத்திய இந்தியக் கிரிட் சான்றளிப்பு அமைப்புக்கு ஆசிய-பசிபிக் குழுவின் அங்கீகாரம் கிடைத்தது 2008-இல். அதுவரை வெளிநாட்டுக் கிரிட்டில் வேலை செய்ய இந்திய ஆய்வாளர்கள் பிற நாட்டு அமைப்புகளின் சான்றிதழைக் கேட்டு நின்றார்கள். அந்த அங்கீகாரம் கிடைத்த நாள் நம் கணிமை வரலாற்றில் பேசப்படாமல் போன ஒரு பெரிய நாள்.

சான்றிதழ் பெறுவது எப்படி என்று பார்ப்போம். ஆய்வாளர் தன் கணினியில் ஒரு சாவி இணையை உருவாக்குகிறார். தனிச்சாவி அவர் கணினியை விட்டு வெளியே போவதில்லை; அதைப் பூட்டும் கடவுச்சொற்றொடருக்குக் குறைந்தது 12 எழுத்து. பொதுச்சாவியோடு விண்ணப்பம் போகிறது. அதன்பின் அவர் எழுந்து, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, பதிவு அலுவலர் முன் நேரில் போய் நிற்க வேண்டும். அலுவலர் அட்டையிலிருக்கும் முகத்தையும் எதிரே இருக்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். கண்டங்களைத் தாண்டும் இத்தனை பெரிய ஏற்பாட்டின் அடியில் இருப்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்ப்பது. சான்றிதழின் ஆயுள் பதின்மூன்று மாதத்தைத் தாண்டாது. அன்றாட வேலைக்கு அதையும் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. அதிலிருந்து பன்னிரண்டு மணி நேரமே உயிரோடிருக்கும் பதிலிச் சான்று ஒன்று பிறக்கிறது. ஆய்வாளர் உறங்கும்போது அவர் சார்பாக வேலையை இடம்விட்டு இடம் கொண்டுபோவது அந்தப் பதிலிதான். திருட்டுப் போனாலும் அரை நாளில் செத்துவிடும்.

நேரம் இங்கேயும் குறுக்கிடுகிறது. அனுப்பும் கணினியின் கடிகாரம் சில நிமிடம் முந்தி ஓடினால், அங்கே போய்ச் சேரும் சான்று இன்னும் பிறக்கவே இல்லை என்று நிராகரிக்கப்படும். அதனால்தான் பதிலிச் சான்றின் பிறப்பு நேரத்தை ஐந்து நிமிடம் முன்தேதியிட்டு எழுதும் வழக்கம் வந்தது. இதெல்லாம் எந்தப் பாடநூலின் முதல் அத்தியாயத்திலும் இருக்காது. இரவெல்லாம் விழித்திருந்த நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு தரமாக்கியவை.

கருடா

இந்தியாவின் தேசியக் கிரிட் கருடா. மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் சி-டாக் அதை நடத்தியது. முன்னோட்டக் கட்டத்தில் 17 நகரங்களின் 45 ஆய்வு, கல்வி நிறுவனங்கள் எர்னெட் வலைப்பின்னலில் சேர்ந்தன. 2008 ஏப்ரலில் அடிப்படைக் கட்டம் தொடங்கியது. முன்னோட்டத்தில் குளோபஸின் இரண்டாம் பதிப்பு, பிறகு நான்காம் பதிப்பு. மேலே சொன்ன இடித்துக் கட்டும் வேலை இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

சென்னை இதில் முக்கியக் கண்ணி. ஐ.ஐ.டி.யோடு, அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் 'கேர்' என்ற உயர்நிலைக் கணிமை ஆய்வு மையம் இயங்கியது. பேராசிரியர் தாமரைச்செல்வி சோமசுந்தரம் தலைமையில், ஒரு வேலைக்குப் பொருத்தமான கணினியைப் பொருள் அறிந்து தேடும் தரகு மென்பொருள் பற்றி அங்கே ஆய்வு நடந்தது. வேலைக்கு என்ன வேண்டும் என்பதும் கணினியில் என்ன இருக்கிறது என்பதும் ஒரே சொல்லகராதியில் எழுதப்படாவிட்டால் தரகர் இருவரையும் சேர்த்துவைக்க முடியாது. கணினியின் வளங்களை விவரிக்கும் பொதுச் சொற்றொகுதியின் இரண்டாம் பதிப்பைத் திறந்த கிரிட் மன்றம் 2009-இல் 147-ஆம் ஆவணமாக வெளியிட்டது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் ஹரிதாஸ் தலைமையில் 144 கணுக்களால் கட்டிய கப்ரு என்ற கணினித் தொகுதியையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். அது கிரிட் அல்ல; ஒரே கூரையின் கீழ் இருந்த கொத்து. ஆனால் சாதாரணக் கணினிகளைச் சேர்த்துப் பெரிய வேலை வாங்கலாம் என்ற துணிச்சலைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது.

2010-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலைப்பின்னல் வந்தபின் கம்பிகளின் பற்றாக்குறை தீர்ந்தது. கருடாவைவிடப் பரவலாகக் கல்லூரிகளை எட்டியது அந்த வலைப்பின்னல்தான்.

செர்ன் கிரிட்

தரங்கள் உண்மையாகவே சோதிக்கப்பட்ட இடம், ஜெனீவாவில் உள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன். பெரிய ஹேட்ரான் மோதுகலத்தின் தரவு எந்த ஒரு நாட்டின் கணினியிலும் அடங்காது என்று 1990-களின் இறுதியிலேயே கணக்கிட்டு, அடுக்கடுக்கான ஏற்பாடு ஒன்றை வகுத்தார்கள். ஜெனீவா பூஜ்ய அடுக்கு, பெரிய தேசிய மையங்கள் முதல் அடுக்கு, ஆய்வு நிறுவனங்கள் இரண்டாம் அடுக்கு. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள். இந்தியாவில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சி.எம்.எஸ். சோதனைக்கும், கொல்கத்தா மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் ஆலிஸ் சோதனைக்கும் இரண்டாம் அடுக்கு மையங்கள். எந்த மையம் நலமாக இருக்கிறது, எது தடுமாறுகிறது என்று உலகக் கிரிட் முழுவதையும் கண்காணித்துக் காட்டும் கிரிட்வியூ மென்பொருளை உருவாக்கியதில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டபோது செர்ன் தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹோயர், முடுக்கியோடும் உணர்கருவிகளோடும் கிரிட்டையும் சேர்த்தே அந்த வெற்றிக்குக் காரணம் காட்டினார்.

பொட்டிப்புரம்

போடி மேற்குமலையில், பொட்டிப்புரம் அருகே அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கத்தின் முடிவில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை அமைக்கத் திட்டமிட்டார்கள். 50,000 டன் காந்த இரும்பு அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே கண்ணாடித் தகடுகளால் ஆன உணர்கருவிகள். மூன்று தொகுதி, தொகுதிக்கு 150 அடுக்கு, அடுக்குக்கு 64 கருவி: ஆக 28,800. ஒவ்வொன்றிலும் 128 பட்டைகள் என்பதால் சமிக்ஞை வரும் வழிகள் 36 லட்சத்துக்கும் மேல்.

இத்தனை வழிகளின் கம்பிகளையும் ஓர் அறைக்கு இழுத்தால் அந்த அறையே கம்பிக் காடாகிவிடும். அதனால் ஒவ்வொரு கருவியின் மூலையிலும் ஒரு சிறு மின்னணுப் பலகையை வைத்து, அங்கேயே சமிக்ஞையை எண்ணாக்கி, சாதாரண ஈதர்நெட் கம்பியில் அனுப்புவது என்று வடிவமைத்தார்கள். ஒவ்வொரு கருவியும் ஒரு வலைப்பின்னல் கணு. மலைக்குள் 28,800 முகவரிகள் கொண்ட ஒரு ஊரே உருவாகியிருக்கும். அலுவலகங்களில் நாம் செருகும் அதே ஈதர்நெட் தரம்.

இங்கே கடிகாரப் பிரச்சினை அதன் உச்சிக்குப் போகிறது. மேலிருந்து வரும் நியூட்ரினோ காற்றுமண்டலத்தில் பிறந்து சில கிலோமீட்டரே கடந்து வந்தது. கீழிருந்து வருவது பூமியையே துளைத்து வந்தது. இரண்டையும் பிரித்தால்தான் ஆய்வுக்குப் பொருள். நியூட்ரினோ மோதி இரும்பில் உண்டாகும் மியூவான் என்ற துகள் மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கிப் போகிறதா என்று எந்தக் கருவி முதலில் உணர்ந்தது என்பதை வைத்தே சொல்ல வேண்டும். ஒளி ஒரு நானோ நொடியில் போகும் தூரம் 30 சென்டிமீட்டர். 56 மில்லிமீட்டர் இரும்பும் 40 மில்லிமீட்டர் இடைவெளியும் சேர்ந்த பத்து அடுக்குகளைக் கடக்க மூன்று நானோ நொடிதான் ஆகும். ஆகவே 28,800 கடிகாரங்களும் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். ஏலக்கூடத்தில் கேட்ட அதே கேள்வி: யார் முந்தியவர்?

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. வேலை தொடங்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை, நீர், மதிகெட்டான் சோலையை ஒட்டிய புலிகளின் வழித்தடம் பற்றி ஊர்மக்களும் சூழலியலாளர்களும் எழுப்பிய அச்சங்கள் வழக்காயின. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் மத்திய அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு திட்டத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த அச்சங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரானவை என்று ஒதுக்குவது தவறு. மலையில் வாழ்கிறவர்களோடு முதலிலேயே உட்கார்ந்து பேசி, எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மதுரையில் 85 டன் எடையில், பத்து அடுக்குக் கருவிகளோடு ஒரு சிறு மாதிரி 2018 முதல் மியூவான்களைப் பதிவு செய்து வருகிறது. மின்னணுப் பலகைகளும் கடிகார ஒத்திசைவும் அங்கே மெய்யான இரும்பில் சோதிக்கப்பட்டன.

மேகத்துக்குப் பின்

2006-இல் அமேசான் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியதும் தொழில்துறை கிரிட்டை விட்டு மேகத்துக்குப் போனது. ஒரே முதலாளியின் கணினிகள் என்பதால் நம்பிக்கைச் சிக்கல் குறைவு. ஆனால் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் போவது கடினம். அதற்காகத் திறந்த கிரிட் மன்றம் 2011-இல் மேகங்களுக்கான இடைமுகத் தரம் ஒன்றை வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த விஷயத்தில் தரம் தோற்றது, சந்தை வென்றது; வாடிக்கையாளர் இன்றும் அதற்கு விலை கொடுக்கிறார்.

குளோபஸ் திறந்த மென்பொருளுக்கான ஆதரவு 2018 ஜனவரியோடு முடிந்தது. அதை நம்பியிருந்த ஆய்வகங்கள் தாங்களே ஒரு குழுவாகச் சேர்ந்து நிரலை எடுத்துப் பராமரிக்கின்றன. செர்ன் கிரிட் எக்ஸ்.509 சான்றிதழ்களிலிருந்து வலை உலகின் வில்லை (டோக்கன்) முறைக்குப் படிப்படியாக மாறி வருகிறது. தமிழ்நாட்டில் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் 838 டெராஃபிளாப் திறனுள்ள பரம் பொருள் மீக்கணினி தொடங்கப்பட்டது. தேசிய மீக்கணினித் திட்டத்தின் பிற கணினிகளைப் போல அதையும் தொலைவிலிருந்து பயன்படுத்தலாம்.

இந்தத் துறைக்குத் தமிழில் சொற்களே இன்னும் உறுதிப்படவில்லை. கணிமை என்பாரும் கணிப்பு என்பாரும் உண்டு. கிரிட்டுக்கு ஒருவர் கட்டம் என்கிறார், இன்னொருவர் தொகுப்பு என்கிறார். திறந்த கிரிட் மன்றத்தின் ஆவணங்கள் எல்லாம் எவரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கக் கூடியவை. வேலை விவரிப்பு மொழியின் 56-ஆம் ஆவணம் ஒரு வாரத்தில் படித்து முடிக்கக் கூடியது. போடி அரசு பொறியியல் கல்லூரியிலோ, தேனியின் வேறெந்தக் கல்லூரியிலோ படிக்கும் ஒரு மாணவர் அதை எடுத்து, முதலில் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.